வீட்டுல ஒத்துக்கலைங்க சார்

சொன்னது மூணே வார்த்தை. "வீட்டுல ஒத்துக்கலைங்க சார்." மேனேஜர் "சரிங்கம்மா" என்று ஃபைலை மூடிவிட்டார். இன்னொரு தடவை கேட்டிருந்தால் உளறியிருப்பேன். வீட்டில் நான் கேட்கவே இல்லை.

மேனேஜர் என்னை அனுப்புவதாகச் சொன்னது, பெங்களூரில் காபி போர்டு நடத்தும் ஒரு வருட முதுநிலை டிப்ளமோவுக்கு. ருசி பார்த்துத் தரம் சொல்லும் படிப்பு. காபி எஸ்டேட்டில் செக்ரோல், அதாவது ஆள் வருகைக் கணக்கு, எழுதுகிறவளுக்கு அதெல்லாம் எதற்கு? சாம்பிள் பார்க்கும் நாளில் கப் அடுக்கிக் கொடுக்கப் போய், நானும் குடிக்க ஆரம்பித்ததுதான் வினை. 150 மில்லி வெந்நீருக்கு 8.25 கிராம் பொடி. நாலு நிமிஷம் கழித்து, மேலே அடையாக மிதக்கும் பொடியைக் கரண்டியால் விலக்கும்போது மூக்கைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். அப்புறம் உறிஞ்ச வேண்டும், சத்தமாக. (வீட்டில் அப்படிக் குடித்தால் அத்தை எழுந்தே போய்விடுவார்.) பழுக்காத பழம் கலந்திருப்பதும், தொட்டியில் அதிகமாகப் புளித்துப்போனதும் என் நாக்குக்குத் தெரிந்தது. எப்படி என்று எனக்கே தெரியாது.

கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. பாப்பா ரெண்டாவது படிக்கிறாள். அத்தைக்கு சர்க்கரை. தினமும் ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குவதற்கே வீடு எவ்வளவோ பொறுத்துக்கொள்கிறது. எல்லாம் நிஜம்தான். ஆனால் இதில் ஒன்றைக்கூட அவர்கள் சொல்லவில்லை, அவர்களுக்காக நானே சொல்லிக்கொண்டேன். முதலில் டீச்சராகணும் என்றேன், பி.எட். சேரவில்லை. அப்புறம் குரூப் 2, ரெண்டு தடவையும் முதல்நிலையோடு நின்றது. புத்தகங்கள் பரணில் கிடக்கின்றன. "உனக்கு வருஷத்துக்கொரு ஆசை" என்பார் அம்மா. மூணாவதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க வெட்கம். வெட்கமா, பயமா? அங்கே போன பிறகு என் நாக்கு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டால்?

ஒருநாள் கீழே சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்காரரைப் பார்த்த மேனேஜர், "கொஞ்சம் விட்டுக் கொடுத்திருக்கலாமுங்க" என்றாராம். அன்று ராத்திரி இவர் கேட்டார்:

"நான் எப்ப வேண்டாம்னேன்?"

"கேட்டிருந்தா சரின்னிருப்பீங்களா?"

பேசவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "இப்ப எதுக்கு அது" என்றார்.

தட்டு கழுவிய அந்த நேரத்தைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். சில நாள், பார்த்தாயா, விட்டிருக்கவே மாட்டார் என்று தோன்றும். சில நாள், திடுதிப்பென்று கேட்டால் யார்தான் உடனே பதில் சொல்வார் என்று. எஸ்டேட்டில் எல்லாரும் இன்னமும் அத்தையைக் கொடுமைக்காரி என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதை மாற்ற நானும் வாயைத் திறக்கவில்லை.

எனக்குப் பதிலாகப் போன பையன் படிப்பை முடித்து வந்துவிட்டான். போன வாரம் சாம்பிள் பார்க்கையில் என்னிடம் ஒரு கரண்டியை நீட்டினான். "அக்கா, இதுல என்ன வருது?"

"நார்த்தங்கா" என்றேன்.

படிவத்தில் 'சிட்ரஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.