மேசை விளிம்பில் இரண்டு குண்டுகள்

ஆகஸ்ட் 4, 2025

பதினோராம் வகுப்பில் படிக்கும் அக்கா மகனுடன் இன்று மாலை முழுவதும் ஒரே கணக்கில் கழிந்தது. 0.8 மீட்டர் கயிற்றில் கட்டிய 300 கிராம் குண்டு, கயிறு கிடைமட்டமாக இருக்கும் நிலையிலிருந்து விடப்பட்டு, அடிப்புள்ளிக்கு வந்ததும், 1.25 மீட்டர் உயர மேசையின் விளிம்பில் இருக்கும் 100 கிராம் குண்டின் மீது மீட்சி மோதலாக (இயக்க ஆற்றல் இழப்பில்லாமல்) மோதுகிறது. சிறிய குண்டு எவ்வளவு தூரம் தள்ளி விழும்? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டு, பெரிய குண்டின் வேகம் நொடிக்கு 4 மீட்டர், ஆற்றல் 2.4 ஜூல் என்பதுவரை சரியாக வந்தவன், அந்த ஆற்றல் முழுவதையும் சிறிய குண்டுக்கே கொடுத்து, விடை 3.46 மீட்டர் என்று எழுதியிருந்தான். மோதலில் மொத்த உந்தம் (நிறை × வேகம்) மாறக்கூடாது என்பதால், அதைக் கணக்கிடச் சொன்னேன். மோதலுக்கு முன் 1.2, பின் 0.69. சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் பெரிய குண்டு நிற்கவில்லையா, மாமா?" என்றான். எனக்கு அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்தது.

ஆகஸ்ட் 5, 2025

உந்தச் சமன்பாட்டையும் ஆற்றல் சமன்பாட்டையும் சேர்த்து இருபடிச் சமன்பாடாக்கி ஒரு பக்கம் நிரப்பினான், விடை சரிதான். ஆனால், மீட்சி நேர்மோதலில் குண்டுகள் நெருங்கும் வேகமும் விலகும் வேகமும் சமம் என்பதை டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் பதினேழாம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார். அதை உந்தத்துடன் சேர்த்தால் இரண்டே வரியில் சிறிய குண்டின் வேகம் நொடிக்கு 6 மீட்டர், பெரியதற்கு 2 என்று வந்துவிடுகிறது. மோதல் முடிந்த கணத்தில் அந்த 6 முழுவதும் கிடைமட்டம், செங்குத்து வேகம் சுழி; ஆகவே 1.25 மீட்டர் விழ அரை நொடி, தூரம் 3 மீட்டர். ஊசல், மோதல், வீழ்ச்சி ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் படம் வரையும் பழக்கத்தை நான் வற்புறுத்துகிறேன், ஏனெனில் பிழை பெரும்பாலும் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில்தான் நுழைகிறது.

ஆகஸ்ட் 9, 2025

ஒரே அளவுள்ள இரண்டு கோலிகளை எடுத்து, சாய்த்து வைத்த அலுமினியப் பட்டையின் பள்ளத்தில் ஒன்றை உருட்டி, விளிம்பில் இருந்த மற்றொன்றின் மீது மோதவிட்டோம். தரையில் வெள்ளைத் தாளும் அதன்மேல் கார்பன் தாளும் விரித்திருந்தோம். சம நிறையாதலால் வந்த கோலி நின்றுவிடும் என்று அவன் எதிர்பார்த்தான். அது நிற்காமல் மெல்ல நகர்ந்து மேசையின் காலடியிலேயே விழுந்தது. மோதல் அதன் முன்னோக்கிய வேகத்தைப் பறித்தாலும், உருண்டு வந்த சுழற்சி அதனிடமே தங்கிவிடுகிறது. அச்சுழற்சிதான் விளிம்பு உராய்வின் வழியே அதை முன்னே தள்ளியது. நாளை கோலியைக் கயிற்றில் கட்டி மீண்டும் செய்து பார்க்கப் போகிறோம்.