ஆமா, உள்ளே வரலாமா?

2016 கடைசியில் நேபாளத்தின் சிந்துபால்சோக் மாவட்டத்துக்கு வேலைக்குப் போனேன். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் மிக அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அது. இடிந்த வீட்டைத் திரும்பக் கட்ட அரசு ஒரு குடும்பத்துக்கு 3 லட்சம் நேபாள ரூபாய் கொடுத்தது. 50 ஆயிரம், ஒன்றரை லட்சம், ஒரு லட்சம் என்று மூன்று தவணை. அதுவரை கட்டியது சரியாக இருக்கிறது என்று பொறியாளர் பார்த்துச் சொன்னால்தான் அடுத்த தவணை வரும். நான் ஒரு தொண்டு நிறுவனத்தின் பொறியாளர். கட்டுமான ஆலோசனை சொல்வது மட்டும்தான் என் வேலை, சான்று தருவது அரசுப் பொறியாளர். ஆனால் அளவு டேப்பும் கேமராவுமாக வாசலில் வந்து நிற்கிறவளைப் பார்த்தால் அந்த வித்தியாசம் யாருக்குத் தெரியும்?

போவதற்கு முன் கொஞ்சம் நேபாளி படித்திருந்தேன். அனுமதி கேட்க ஒரு வாக்கியம் மனப்பாடம்: 'கே ம பித்ர ஆவுன சக்சு?' உள்ளே வர என்னால் முடியுமா என்று அர்த்தம். இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் நம் ஊரில் யாராவது வாசலில் நின்று 'உள்ளே வர என்னால் முடியுமா' என்று கேட்பார்களா? 'வரலாமா' என்போம். நேபாளிக்காரர்களும் அப்படித்தான், 'ம ஆவும்?' என்று சின்னதாகக் கேட்பார்கள், கடைசி ஒலி மூக்கில் கரையும். இல்லையென்றால் 'ஹுன்ச?' சேர்த்துக் கேட்பார்கள். 'பித்ர பஸ்ன ஹுன்ச?' என்றால் உள்ளே நுழையலாமா. பதிலும் அதே சொல்தான். 'ஹுன்ச' என்றால் ஆகட்டும், 'ஹுந்தைன' என்றால் ஆகாது. 'மில்ச?' என்றும் கேட்பார்கள், தோதுப்படுமா என்பதுபோல.

இதெல்லாம் தெரியாத முதல் மாதத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். வயதான அம்மா ஒருவர், நேபாளியில் 'ஆமா'. அம்மாவைத்தான் அங்கே ஆமா என்கிறார்கள். பழைய வீட்டின் ஒரு பகுதி நின்றிருந்தது. அதை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டுக் குடியிருந்தார். பின்சுவரின் விரிசலை உள்பக்கமிருந்து படம் எடுக்க வேண்டும், அதற்கு அடுப்பங்கரையைத் தாண்டித்தான் போக வேண்டும். என் மனப்பாட வாக்கியத்தைச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடி 'கை...' என்று இழுத்தார். நம் கை மாதிரி இல்லை, ககரத்தில் மூச்சு சேரும். அப்புறம் 'ஹஜூர்' என்றார். ஹஜூர் மரியாதைச் சொல் என்று எனக்குத் தெரியும், அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு செருப்புக் காலோடு அடுப்பைத் தாண்டிப் போய்ப் படம் எடுத்து வந்தேன்.

இறக்கத்தில் நடந்து வரும்போது கூட வந்த உள்ளூர்ப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "தீதி, ஆமா 'கை' சொன்னாங்களே." தீதி என்றால் அக்கா. 'கை' என்றால் 'என்னத்தைச் சொல்ல' என்பதுபோல ஒரு தயக்கம். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்கள் அதைச் சொல்வார்களாம். அடுப்பங்கரை வெளியாட்கள் நுழையும் இடமும் இல்லை. என் பாட்டி வீட்டில் எச்சில், பத்து (சமைத்த சோறு பட்டால் வரும் தீட்டு) என்று பார்த்த அதே கணக்கு அங்கேயும் உண்டு, 'ஜூட்டோ' என்பார்கள். எனக்கே தெரிந்திருக்க வேண்டியது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. தவணைப் பணம் என் கையில் இருக்கிறது என்று நம்புகிறவரிடம் போய் அனுமதி கேட்டால், அவர் எப்படி மறுப்பார்? மறுக்க வழி விடாமல் கேட்டது அனுமதி கேட்டதே ஆகாது என்று அன்றுதான் உறைத்தது.

அதன் பிறகு அந்தப் பெண்ணிடமே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். நேபாளியில் 'தயவுசெய்து' போல 'கிருபயா' இருக்கிறது. ஆனால் நம் ஊர் மாதிரியே அது அறிவிப்புப் பலகைக்குத்தான், வீட்டுப் பேச்சில் வராது. பணிவு வினைச்சொல்லில் இருக்கிறது. சின்னவர்களிடமும் நெருங்கியவர்களிடமும் 'பஸ', மரியாதைக்கு 'பஸ்னுஸ்', இரண்டும் உட்காரச் சொல்வதுதான். (நுழைவதற்கான 'பஸ்ன' வேறு சொல், தமிழில் எழுதினால்தான் ஒன்றுபோல் தெரியும்.) அதோடு ஒரு 'ந' சேர்த்துவிட்டால் 'உட்காருங்களேன்' என்ற இதம் வந்துவிடுகிறது. நம் 'ஏன்' விகுதி செய்கிற வேலையை அந்த ஒற்றை எழுத்து செய்கிறது! கேட்பதற்கு முன்னால் 'ஏக்சோட்டி' போட்டால் 'ஒருவாட்டி பார்த்துக்கலாமா' என்பதுபோல மெத்தென்று ஆகிவிடும். விடுப்பு விண்ணப்பத்தில்கூட 'பிதா பாவும்' என்று எழுதுகிறார்கள், 'விடுப்பு பெறட்டுமா' என்று. அந்த விண்ணப்பத்துக்குப் பெயர் நிவேதன். நாம் சாமிக்குப் படைக்கும் நிவேதனம் அங்கே மேலதிகாரியின் மேசைக்குப் போகிறது.

மூன்று வாரம் கழித்து அதே வீட்டுக்குப் போனேன். செருப்பை முற்றத்திலேயே விட்டேன். கேமராவைப் பையில் வைத்துவிட்டு, முதலில் அன்றைக்கு நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன், 'மாஃப் கர்னுஸ், ஆமா.' அப்புறம், நான் உள்ளே வராவிட்டாலும் தவணைக்கு ஒன்றும் ஆகாது என்பதைத் அந்த உள்ளூர்ப் பெண்ணை விட்டுத் தெளிவாகச் சொல்ல வைத்தேன். அதற்குப் பிறகுதான் கேட்டேன்: "ஏக்சோட்டி பித்ர பஸ்ன ஹுன்ச?"

ஆமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பித்ர த ஹுந்தைன," என்றார். "பாஹிர பஸ ந, நானி."

உள்ளே ஆகாது, வெளியில் உட்காரேன் குழந்தை. ஹஜூர் போய்விட்டது, பஸ்னுஸ்கூட இல்லை, பஸ. வைக்கோல் பாயை அவரே எடுத்து வந்து விரித்தார். உட்கார்ந்து டீ குடித்தோம். விரிசலை அன்று வெளிப்பக்கமிருந்தே அளந்துகொண்டேன்.