காற்று போன திசை

சோவியத் யூனியனில் இருந்த ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரின் வரைபடம் ஒன்று இன்று கண்ணில் பட்டது. ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய கிருமி நோய்க்கு ஆளானவர்கள் 1979 ஏப்ரல் 2 அன்று பகலில் இருந்த இடங்களெல்லாம் புள்ளிகளாக. கிட்டத்தட்ட எல்லாம் ஒரே குறுகிய பட்டைக்குள்.

அந்த நோயில் குறைந்தது 66 பேர் செத்தார்கள். நோய்பட்ட இறைச்சிதான் காரணம் என்றது சோவியத் அரசு.

இறைச்சி என்றால் நோய் ஊரெங்கும் சிதறியிருக்க வேண்டும்.

இந்தப் பட்டையோ கிருமி ஆய்வு நடந்த 19ஆம் ராணுவ வளாகத்தில் தொடங்கி, சுமார் 4 கிலோமீட்டர் தெற்காக நீள்கிறது. அதே கோட்டில் 50 கிலோமீட்டர் தள்ளியும் கால்நடைகள் மடிந்தன. ஏப்ரல் 2 அன்று காற்று வீசியதும் அந்தத் திசையில்தான்.

பிணக்கூறாய்வு செய்த ஃபைனா அப்ரமோவாவும் லெவ் கிரின்பெர்க்கும் திசு மாதிரிகளை சோவியத் உளவு அமைப்பான கேஜிபி கையில் சிக்காமல் காப்பாற்றினார்கள். என்ன துணிச்சல்! ஆராய்ந்த 42 பேருக்கும் நெஞ்சுக்குள் நிணநீர் முடிச்சுகளில் ரத்தக்கசிவு. மூச்சு வழியே போன கிருமியின் தடயம் அது.

1992இல்தான் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் ராணுவத்தின் பொறுப்பை ஒப்புக்கொண்டார்.

இத்தனைக்கும் உயிரி ஆயுதத் தடை ஒப்பந்தம் 1975இலேயே அமலுக்கு வந்துவிட்டது. சோவியத்தும் அதில் கையெழுத்திட்ட நாடு. சந்தேகம் எழுந்தால் ஆய்வாளர்கள் உள்ளே போய்ச் சோதிக்கும் கட்டாய ஏற்பாடு அதில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.