செர்னுக்கு நம்ம பிள்ளைகளும் போகலாம்
மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம் பக்கம் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இதைச் சொல்லியே ஆகணும். ஜெனீவா பக்கத்துல இருக்கிற, அணுவுக்குள்ளே இருக்கிற நுண்துகள்களை ஆராயற செர்ன் ஆய்வகத்துக்குக் கோடைகால மாணவரா நீங்களும் விண்ணப்பிக்கலாம். 2017லிருந்து இந்தியா அங்கே இணை உறுப்பு நாடு. மூணு வருஷப் படிப்பு முடிஞ்சிருக்கணும். பயணத்துக்கும் தங்கிச் சாப்பிடவும் அவங்களே உதவித்தொகை தர்றாங்க, வீட்டு நகையை அடகு வைக்க வேண்டியதில்ல.

நான் போயிட்டு வந்தேன். காலையில வகுப்பு, அப்புறம் ஆய்வுக்குழுவோட வேலை. பூமிக்குக் கீழே சுமார் 100 மீட்டர் ஆழத்துல, புரோட்டான்ங்கிற நுண்துகள்களை வேகமா ஓட வச்சு மோத விடுற 27 கிலோமீட்டர் வளையம். அதுங்களை வளையத்துலயே வளைச்சு ஓட வைக்கிற காந்தங்களை மைனஸ் 271 டிகிரி செல்சியஸுக்குக் குளிர வைக்கிறாங்க. புரோட்டான் கொத்துகள் நொடிக்கு 4 கோடி தடவை வரைக்கும் எதிரெதிரே சந்திக்கும். அந்த மோதல்கள்ல கிடைக்கிற தரவு அத்தனையையும் சேமிக்க முடியாது. எதை வச்சுக்கிறது, எதை விடுறதுன்னு கண நேரத்துல முடிவெடுக்கிற அமைப்புக்குப் பேரு டிரிக்கர். அந்தத் தரவுலதான் என் வேலை. பைத்தான்ங்கிற கணினி நிரல்மொழி தெரிஞ்சதுதான் கைகொடுத்துச்சு, இப்பவே கத்துக்குங்க. (வளாகத்துல 2004ல இந்தியா கொடுத்த நடராஜர் நிக்கிறார். சிதம்பரம் எங்க ஊர்ப்பக்கம்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்!)

ஆங்கிலம் தடுமாறுமேன்னு தயங்காதீங்க, அங்கே நிறைய பேருக்கு அது தாய்மொழி இல்ல. பரிந்துரைக் கடிதத்துக்கு உங்க பேராசிரியர்கிட்ட தீபாவளிக்கு முன்னாடியே கேட்டு வைங்க. விண்ணப்பம் எழுத உதவி வேணும்னா இன்பாக்ஸ் வாங்க, சேர்ந்தே எழுதுவோம்.