மங்கிப்போன ரெசின் ட்ரேயைத் திரும்பப் பளபளக்க வைத்தது

தேக்குப் பலகைமேல் எபாக்சி, அதாவது கண்ணாடி மாதிரி இறுகும் ரெசின், ஊற்றிச் செய்த ட்ரே. சூடான காபி டம்ளர் வைத்து வைத்து மேலே வட்ட வட்டமாகத் தடம். நம் மாதிரி பொழுதுபோக்காகச் செய்கிற ஆட்களுக்கு விற்கிற எபாக்சி பெரும்பாலும் 50, 60 டிகிரிக்கே இளக ஆரம்பித்துவிடும், அதனால் டம்ளரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

முதலில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் உப்புத்தாள் வழுக்கும். அப்புறம் நகத்தால் கீறிப் பார்த்தேன்: தடத்தில் நகம் மாட்டினால் 400 எண் உப்புத்தாளில் தொடங்க வேண்டும், வெறும் மங்கல்தான் என்றால் 1500-ஏ போதும் (எண் கூடக் கூடத் தாள் மென்மை). எனக்கு மாட்டியது.

கார் பெயின்ட் கடையில் வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள், 400, 600, 800, 1000, 1500, 2000, 3000 என்று வாங்கிக்கொண்டேன். ரப்பர் கட்டையில் சுற்றி, தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டுத் தேய்ப்பது. தண்ணீரோடு தேய்த்தால் தூசி பறக்காது, ரெசினும் சூடாகாது. உலர்வாகத் தேய்க்கிறவர்கள் மாஸ்க் இல்லாமல் தொடவே வேண்டாம், அதுவும் சரியாக இறுகாத ரெசின் என்றால் அந்தத் தூசி தோலுக்கும் ஆகாது.

நேரம் முழுக்கப் போனது 400-ல்தான், போகவும் வேண்டும். கொஞ்சம் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பள்ளமான இடம் மட்டும் இன்னும் மின்னும். அந்த மினுமினுப்பு ஒரு பொட்டுகூட இல்லாமல் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிற வரை 600-ஐ எடுக்கவில்லை. 400-இல் நீளவாக்கில் தேய்த்தால் 600-இல் குறுக்கே. அப்போதுதான் பழைய கோடு போய்விட்டதா என்று தெரியும். ஒவ்வொரு தாளுக்கும் தண்ணீர், துணி இரண்டையும் மாற்றினேன், ஏனென்றால் 400-இன் துகள் ஒன்று 1500-க்குள் புகுந்தால் கீறல் போட்டுவிட்டுத்தான் போகும். 800-க்கு மேல் எல்லாம் சட்டென்று முடிகிற வேலை. 2000 தாண்டியதும் ட்யூப்லைட் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது.

கடைசியில் ரப்பிங் காம்பவுண்ட், அதாவது மெருகேற்றும் பசை. டிரில்லில் ஸ்பாஞ்ச் பேட் மாட்டி, குறைந்த வேகத்தில், ஒரே இடத்தில் நிற்காமல். அடிக்கடி கை வைத்துப் பார்த்தேன், சூடேறினால் ரெசின் இளகிக் காம்பவுண்டை இழுத்துக்கொண்டு திட்டுத் திட்டாகிவிடும். ஓரங்களை மட்டும் துணியால் கையாலேயே தேய்த்தேன். காம்பவுண்ட் பளபளப்பைக் கொண்டுவருகிறது என்கிறார்கள், என்னைக் கேட்டால் அது 3000-இன் மெல்லிய கோடுகளைத்தான் எடுக்கிறது. 600-இல் விட்டுப்போன கீறலை எவ்வளவு விலை உயர்ந்த காம்பவுண்டும் மறைக்காது, பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

இப்போது ட்யூப்லைட்டின் விளிம்பு கூர்மையாகத் தெரிகிறது. ஒரு மூலையில் ஆழமான தடம் ஒன்று மிச்சம், அதற்காக மொத்தப் பரப்பையும் அந்த ஆழத்துக்குத் தேய்த்து இறக்க மனமில்லை. அடுத்து மேசைப் பலகை ஒன்று காத்திருக்கிறது. அவ்வளவு பெரிய பரப்பை இப்படித் தேய்க்கப் போவதில்லை, 220-இல் சொரசொரப்பாக்கித் துடைத்துவிட்டு மேலே இன்னொரு அடுக்கு ஊற்றிவிடுவதாக இருக்கிறேன்.