டிக்கியின் இடது மூலையில் 22 லிட்டர்

என் ஸ்விஃப்ட் காரின் டிக்கி 268 லிட்டர்தான். அதில் பத்து அங்குல சப்வூஃபருக்கு (தாழ்ந்த பேஸ் ஒலிகளுக்கான ஸ்பீக்கர்) ஒரு மரப்பெட்டியை வைத்துவிட்டால், ஊருக்குப் போகும்போது பைகளை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இடது பின்சக்கர வளைவுக்குப் பின்னால், வெளித் தகட்டுக்கும் உள் மூடிக்கும் நடுவே கோணல்மாணலான ஒரு பள்ளம் சும்மா கிடக்கிறது. பலகையால் அந்த வளைவுகளைப் பின்தொடர முடியாது, ரெசின் என்ற திரவத்தில் ஊறி இறுகும் கண்ணாடியிழையால், அதாவது ஃபைபரால், முடியும். அதனால்தான் அந்தப் பள்ளத்திலேயே பெட்டி செய்யும் வேலையில் இறங்கினேன்.

முதலில் கணக்கு. என் சப்வூஃபரின் குறிப்புத்தாளில் விஏஎஸ் (ஸ்பீக்கரின் நெகிழ்வுக்கு ஈடான காற்றின் அளவு) 30 லிட்டர், க்யூடிஎஸ் (ஸ்பீக்கர் தன் அதிர்வை அடக்கும் அளவைக் காட்டும் எண்) 0.45 என்று இருக்கிறது. மூடிய பெட்டியில் 0.707 என்ற க்யூடிசி (பெட்டியோடு சேர்ந்த பிறகு அதே எண்) கிடைக்க வேண்டுமானால், 0.707-ஐ 0.45-ஆல் வகுத்து, வந்ததை வர்க்கமாக்கி, ஒன்றைக் கழித்து, அந்த எண்ணால் 30-ஐ வகுக்க வேண்டும். ஏறக்குறைய 20.4 லிட்டர் வருகிறது. ஸ்பீக்கரின் காந்தமும் சட்டமும் அடைத்துக்கொள்ளும் இடத்தையும் சேர்த்து 22 லிட்டர் என்று வைத்துக்கொண்டேன்.

பள்ளமேதான் பெட்டிக்கு அச்சு. ரெசின் வண்டியில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, பள்ளத்தின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டி, அதன்மேல் அலுமினியத் தாள், அதன்மேல் மெழுகு. டிக்கியின் மற்ற இடங்களையெல்லாம் பாலித்தீன் விரிப்பால் மூடினேன். ரெசின் ஒரு சொட்டு கம்பளத்தில் விழுந்தாலும் போகாது.

இங்கே கடைகளில் பாலியெஸ்டர் ரெசினும், இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட்டும், ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரும் தனித்தனியாகத் தருகிறார்கள். இதை மட்டும் யாரும் மறக்கக் கூடாது: கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்ட்னர். நூறு கிராம் ரெசினுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் போதும். கோடை வெயிலில் ஒன்றே அதிகம் போலத் தோன்றும், அவ்வளவு விரைவாக இறுகுகிறது. ஸ்டைரீன் ஆவிக்குச் சாதாரணத் துணி முகக்கவசம் பயன்படாது. கரி வடிகட்டி உள்ள கவசம் அணிந்து, வண்டியை வெட்டவெளியில் நிறுத்தித்தான் வேலை பார்த்தேன்.

கடலூர்ப் பக்கம் ஃபைபர் படகு கட்டும் ஓர் அண்ணனிடம் தொலைபேசியில் கேட்டேன். மேட் எனப்படும் கண்ணாடியிழை விரிப்பைப் பற்றி அவர் சொன்னது: "தம்பி, மேட் வெள்ளையாகத் தெரிந்தால் அது இன்னும் ரெசினைக் குடிக்கவில்லை. கண்ணாடி போல ஆகும்வரை ரோலரை விடாதே." உள்ளே சிக்கிய காற்றுக்குமிழிகள் அப்படித்தான் வெளியேறுகின்றன. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு இறுகினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் வரும். எனக்கு ஆறு மில்லிமீட்டர் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டால் உள்ளே சூடேறி விரிசல் விடும் என்பதால், இரண்டிரண்டு அடுக்காகப் போட்டேன்.

முன்முகம் துணியால் ஆனது. 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையில் வளையம் அறுத்து, ஸ்பீக்கர் பயணிகளை நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கும்படி குச்சிகளால் நிறுத்தி, அதன்மேல் ஃபிளீஸ் துணியை இழுத்துக் கட்டினேன். துணி திருப்பூர் காதர்பேட்டையில் வாங்கியது. வெளிநாட்டுக் குளிருக்குத் தயாரித்த ஏற்றுமதி மிச்சம். ரெசினை அருமையாக உறிஞ்சுகிறது.

இங்கேதான் எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று இருக்கிறது. துணி இறுகியதும் முகம் அழகாகிவிடும், பட்டி பூசித் தேய்க்கக் கை துடிக்கும். ஆனால் ரெசின் குடித்த துணிக்குத் தனியே வலுவே இல்லை. சப்வூஃபர் அடிக்கும்போது உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்க, மெல்லிய முகமும் கூடவே ஆடும். அந்த ஆட்டம் பேஸைத் தின்றுவிடும். ஆகவே பட்டியைத் தொடாமல், ஸ்பீக்கர் துளை வழியாகக் கைவிட்டு, உட்பக்கத்தில் மேட் துண்டுகளை ஒட்டிக்கொண்டே போனேன். வளையமும் துணியும் சேரும் மூலையில் கூடுதலாக இரண்டு அடுக்கு. விரல் முட்டியால் தட்டினால் "டொக்" என்று கேட்க வேண்டும், "டம்" என்று கேட்கக் கூடாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த அளவுப் பெட்டியின் உட்பரப்பு கிட்டத்தட்ட அரைச் சதுர மீட்டர். அதனால் உள்பக்கமாகக் கூடும் ஒவ்வொரு மில்லிமீட்டர் கனமும் அரை லிட்டர் இடத்தைத் தின்கிறது. எனவே துணி கட்டும்போதே முகத்தை முன்னே தள்ளி வைத்திருந்தேன். எல்லா அடுக்கும் இறுகிய பிறகு, துளை வழியாகத் தெர்மோகோல் உருண்டைகளைக் கொட்டி நிரப்பி, அவற்றை அளவு வாளியில் அளந்தேன். 22 லிட்டருக்கு மிக நெருக்கம்.

தற்காலிகமாக ஸ்பீக்கரை மாட்டி, ஆம்பில் 80 ஹெர்ட்ஸுக்குமேல் வெட்டிவிட்டு, ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டேன். தவிலின் தொப்பியில் (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) விழும் ஒவ்வோர் அடியும் தொடங்கிய இடத்தில் தொடங்கி, முடிய வேண்டிய இடத்தில் முடிகிறது. முன்பிருந்த கடைப்பெட்டியில் அடிகள் ஒன்றோடொன்று குழைந்துபோகும்.

இன்னும் பட்டி பூசவில்லை. அதற்குமுன் ஒயர் முனை பொருத்திய இடத்தில் சிலிக்கான் வைத்து, காற்று கசிகிறதா என்று சோப்பு நீர் தடவிப் பார்க்க வேண்டும். பிறகு பட்டி, 80 எண் உப்புத்தாள், அதன்பின் கறுப்புக் கம்பளத் துணி.