குட்டை மீனுக்குச் சிவப்பு நூல்
மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டக் குட்டையில் திலாப்பியா மீனுக்குத் தூண்டில் இரை மண்புழுதான் என்பார்கள். சரி, அடிச்சேற்றில் அது தேடித் தின்பது என்ன? கடிக்காத கொசுபோன்ற ஒரு பூச்சியின் சிவப்புப் பொடிப்புழு. காற்று குறைந்த சேற்றிலும் பிழைக்க அதன் உடம்பில் ஹீமோகுளோபின் உண்டு, நிறம் அதனால்தான்.

அந்தப் புழுவைப் போலவே ஒரு போலி இரையைத் தூண்டில் முள்ளில் நூலால் கட்டலாம். 16ஆம் எண் முள் (எண் ஏற ஏற முள் சிறுக்கும்). சிவப்பு நூலை ஒல்லியாகச் சுற்றி, மேலே மெல்லிய செம்புக் கம்பியை இடைவெளி விட்டு ஓட்டினால் புழுவின் கணுக்கள் வந்துவிடும். தடிமனாகச் சுற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்!

அப்புறம் சின்னத் தக்கை போட்டு, அடிக்குச் சற்று மேலே தொங்கவிட்டுச் சும்மா இருங்கள். மீன் உறிஞ்சிப் பார்த்துத் துப்பிவிடும், தக்கை லேசாகச் சாய்ந்தாலே கையைத் தூக்குங்கள். கம்பிக்குக் கடைக்கு ஓடாதீர்கள் தம்பிகளா, கெட்டுப்போன மின்விசிறி மோட்டாரில் நிறைய இருக்கிறது.